சத்தியமும் ஒப்புதலும்



குடிநோயிலிருந்து மீள்வதைப் பற்றிக் கொடைக்கானலில் பேச இந்த அறக்கட்டளையின் சார்பில் என்னை அழைத்திருக்கிறீர்கள். அந்த மீட்சியின் முதல் படியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். “என்னால் முடியவில்லை” என்று ஒரு குடிநோயாளி வாய்விட்டுச் சொல்வதே அந்தப் படி. அந்தச் சொல்லைக் கேட்க நாம் தயாராக இருக்கிறோமா என்பதுதான் இந்த உரையின் கேள்வி.

முதலில் ஒரு விளக்கம். இந்த உரையில் எந்தத் தனிமனிதரின் வீட்டுக் கதையும் வராது. குடியை விட்டவர்கள் கூடும் அமைப்புகளில் பெயர் வெளியிடாமை அடிப்படை நெறி. அதை மேடையிலும் காப்பது நம் கடமை. நான் பெயர் சொல்பவர்கள் வரலாற்றில் இடம்பெற்றவர்கள், அல்லது பொதுவாழ்வில் தாங்களே முன்வந்து பேசியவர்கள்.

நாம் கேட்பது சத்தியம்

குடிக்கிறவரிடம் நம் வீடுகள் முதலில் கேட்பது சத்தியத்தை. கற்பூரத்தை அணைத்துச் செய்கிறார்கள். அம்மாவின் படத்துக்கு முன்னால் செய்கிறார்கள். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் செய்கிறார்கள். அதுவும் போதாதென்றால் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கையில் கயிறு கட்டுகிறார்கள்: மூன்று மாதக் கயிறு, ஆறு மாதக் கயிறு, ஒரு வருடக் கயிறு.

இந்த மலையடிவாரத்தில் பழனி இருக்கிறது. தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பாதயாத்திரை போகிறவர்களில் எத்தனையோ பேர் விரத நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. சபரிமலைக்கு மாலை போடுகிறவர் ஒரு மண்டலம் சுத்தமாக இருக்கிறார். “மாலை போட்டுட்டா அவரு தங்கமான மனுஷன்” என்று மனைவி சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மாலையைக் கழற்றிய அன்று மாலையே அவர் கடை வாசலில் நிற்பதையும் பார்த்திருக்கிறோம்.

விரதத்தில் குறையில்லை. அந்த விரத நாட்களில் அவருக்குத் துணையாகக் கூட்டம் இருந்தது, விடியற்காலைக் குளியல் இருந்தது, “சாமி” என்று மரியாதையாக அழைக்கும் ஊர் இருந்தது. அவை தாங்கின. ஆனால் அந்த நாட்களிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. “நெனச்சா நிறுத்திடுவேன், போன கார்த்திகையில நிறுத்தலையா?” என்கிறார். நிறுத்த முடிந்த நாட்களைச் சான்றாகக் காட்டி, நிறுத்த முடியாத பத்து மாதங்களை மறைத்துவிடுகிறார். குறிப்பிட்ட நாள்வரை தொடாமல் இருப்பது ஒன்று. தொட்ட பிறகு அளவோடு நிறுத்துவது வேறொன்று. குடிநோயாளி இழந்திருப்பது இரண்டாவதை. கயிற்றுக்குக் கெடு உண்டு, நோய்க்குக் கெடு கிடையாது.

சத்தியம் உடையும்போது நடப்பது இதைவிடக் கொடுமை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் பத்தாம் நாள் குடித்துவிடுகிறார். பதினோராம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தன் பாவம்தான் காரணம் என்று உள்ளுக்குள் நடுங்குகிறார். அதை யாரிடமும் சொல்ல முடியாது. நடுக்கத்தை அடக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மறுபடி குடிக்கிறார். திருத்துவதற்காக நாம் வாங்கிய சத்தியம் அடுத்த குவார்ட்டருக்குக் காரணமாகிவிடுகிறது.

ஆக்ரன், 1935

சத்தியத்துக்கு மாற்றான ஒரு வழி பிறந்த கதை இது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து ஒரு வணிகப் பேரத்துக்காக வந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர், பேரம் முறிந்து விடுதியின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் தான் இன்றிரவு குடித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிகிறது. அங்கே இருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைக்கிறார்.

அந்த அழைப்புகள் அவரை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தன. பதினைந்து நிமிடம்தான் என்ற நிபந்தனையோடு மாலை ஐந்து மணிக்கு வந்த மருத்துவர், இரவு பதினொன்று தாண்டியும் எழுந்திருக்கவில்லை. குடியின் தீமையைப் பற்றி மருத்துவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புத்திமதிகளை அவர் போதுமான அளவு கேட்டிருந்தார். அன்று வந்தவர் புத்தி சொல்லவில்லை. தான் எப்படித் தோற்றோம் என்பதை மட்டும் சொன்னார். தன் நோயைத் தன் அனுபவமாகச் சொல்லும் ஒருவரை மருத்துவர் அன்றுதான் சந்தித்தார்.

அதன் பிறகும் மருத்துவர் ஒருமுறை விழுந்தார். மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டு வந்தார். யாரும் அவரை விரட்டவில்லை, சத்தியம் கேட்கவில்லை. 1935 ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். இந்த இருவரின் சந்திப்பிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்த நாளையே தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு படிகள் வரிசைப்படுத்தப்பட்டன. மதுவின் முன் எங்களுக்குச் சக்தி இல்லை, எங்கள் வாழ்க்கை எங்கள் கையை மீறிப் போய்விட்டது என்ற ஒப்புதல்தான் முதல் படி. அதைச் சொல்வது “நாங்கள்”. தனியாக நின்று சொல்லும் படியாக அதை அவர்கள் எழுதவில்லை.

இந்தியாவுக்கு இந்த இயக்கம் 1957-இல் டெல்லி வழியாக வந்தது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

மருத்துவம் சொல்வது

“சக்தி இல்லை என்பது பக்தர்கள் பேச்சு, விஞ்ஞானமா?” என்று இங்கிருக்கும் மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது அடிமைத்தனத்துக்கு அது மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றில் கட்டுப்பாடு குலைவது முதலாவது. வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிக் குடி முன்னே வந்து நிற்பது இரண்டாவது. உடல் பழகிப்போய் அளவு கூடுவது, நிறுத்தினால் கை நடுங்குவது போன்றவை மூன்றாவது. 1930-களில் குடிநோயாளிகள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துச் சொன்னதும் இதையேதான். நீண்ட நாள் குடி, மூளையில் இன்பத்தையும் தேட்டத்தையும் ஆளும் பகுதிகளை மாற்றுகிறது. “வேண்டாம்” என்று தடுக்கும் முன்மூளையின் பிடியைத் தளர்த்துகிறது. குடிநோயாளி எந்த மனதைக் கொண்டு சத்தியம் செய்கிறாரோ, அந்த மனதிலேயே நோய் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் டிரைவரை நினைத்துப்பாருங்கள். பழகிய டிரைவர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று தெரிந்து, மேலேயே கியரைக் குறைத்துவிடுகிறார். “என் பிரேக் எப்போதும் பிடிக்கும்” என்று நம்பி இறங்குகிறவரைவிட அவரோடு போகிறவர்கள்தான் பத்திரமாக ஊர்போய்ச் சேர்கிறார்கள். முதல் படி தரும் அறிவும் இப்படிப்பட்டது. எது தன் கையில் இல்லை என்று தெரிந்தவர்தான் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுக்குப் போனதும் நான்கு பேரிடம் சொல்லுங்கள்.

ஒன்று: பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறவர், மனம் மாறிய வேகத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிடக்கூடாது. சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வரலாம், சித்தம் கலங்கி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். மேல்மலையில் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் நள்ளிரவில் வலிப்பு வந்தால் மலைப்பாதையில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒப்புக்கொண்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நாட்களைத் தாண்டவைக்க மருந்துகள் இருக்கின்றன.

இரண்டு: “அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று விளம்பரம் செய்து விற்கும் மருந்துகளை வாங்காதீர்கள். அப்படிக் கலக்கப்படும் மருந்து டைசல்ஃபிராமாகவும் இருக்கலாம்; அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளி அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. குழம்பில் ஒளித்துக் கொடுக்கும் மருந்து, வீட்டில் மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் அழித்துவிடும்.

குளிர் என்ற சமாதானம்

ஒவ்வொரு ஊரும் தன் குடிக்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் நமக்குக் குளிர் அந்தச் சமாதானம். “குளிருக்கு ஒரு கட்டிங்” என்று பூண்டுக் காட்டு வேலைக்காரரும் சொல்கிறார், ஏரிக்கரையில் குதிரை பிடிப்பவரும் சொல்கிறார், சீசனுக்கு வரும் டூரிஸ்ட்டும் சொல்கிறார். உண்மை இதற்கு நேர் எதிர். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. தோல் சூடாவதுபோல் தெரியும்போதே உள்ளுடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. குளிரில் குடித்துவிட்டு வெளியே கிடக்கிறவர் விறைத்து இறப்பது இதனால்தான்.

இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வருகிறவர்களில் பலர் போதைக்கென்றே வருகிறார்கள். மதுவோடு நிற்காமல் கஞ்சாவும் போதைக் காளானும் தேடி அலைகிறார்கள். அவர்கள் இரண்டு நாளில் இறங்கிப் போய்விடுவார்கள். அறை காட்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், வழி காட்டப்போகும் பையன் ஆகியோர் இங்கேயே இருப்பார்கள். ஊரே கொண்டாட்டத்தில் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் “எனக்கு இது நோயாகிவிட்டது” என்று ஓர் உள்ளூர்க்காரர் சொல்வது எளிதில்லை.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இங்கே இருப்பீர்கள். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததிலிருந்து 2003-இல் அரசே சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டது வரை, இந்த மாநிலம் இரண்டு கரைகளையும் தொட்டுவிட்டது. கடைகள் குறைய வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் நோய் முற்றியவர் கடை மூடினால் கள்ளச்சாராயத்தைத் தேடுவார். அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் காட்டியது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சட்டம் ஒருபுறம் நடக்கட்டும். நோயாளிக்கு மருத்துவமும் துணையும் இன்றே வேண்டும்.

அரை டம்ளர் டீ

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் திறந்த கூட்டங்கள் என்று சில உண்டு. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் போய் உட்காரலாம். பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, அல்லது தேவாலயத்தை ஒட்டிய அறை. பெஞ்சும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கும். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்கிறார். பதினைந்து வருடமாகக் குடிக்காதவரும் அப்படித்தான் தொடங்குகிறார். தன் கதையைச் சொல்கிறார், உட்கார்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை.

புதிதாக வந்தவர் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கையைத் தொடைக்கு அடியில் வைத்திருப்பார், நடுக்கம் தெரியக்கூடாதே என்று. டீ கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் முழு டம்ளர் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நிறைய ஊற்றினால் நடுங்கும் கையில் சிந்தும், சிந்தினால் அவர் எழுந்து போய்விடுவார். தனக்கும் ஒரு நாள் அப்படி நடுங்கியது அவருக்கு நினைவிருக்கிறது.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை இந்த வெளிச்சத்தில் படித்துப்பாருங்கள். குடித்திருப்பவனிடம் காரணகாரியம் சொல்லித் திருத்தப்பார்ப்பது வீண் என்கிறது ஒன்று. தான் குடிக்காத பொழுதில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறவன், தன் நிலையும் இதுதானே என்று எண்ணிப்பார்க்க மாட்டானா என்று கேட்கிறது அடுத்தது. அறிவுரையைக் கைவிட்டு, இன்னொருவரிடம் தன்னைக் காணும் வழியை வள்ளுவர் காட்டி முடிக்கிறார். ஆக்ரனில் அந்த இரவில் நடந்தது அதுதான். வகுப்பறைக் கூட்டத்தில் நடப்பதும் அதுதான்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் அலசி 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, குடியை முற்றாக விட்டுத் தொடர்வதில் பன்னிரண்டு படி முறை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்று கண்டது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழி இது என்று நான் சொல்லவில்லை. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தே போகலாம்.

“ஏற்கெனவே சக்தியற்றவர்களிடமா?”

ஒரு கடுமையான மறுப்பைச் சந்திக்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பளியர் பழங்குடியினர் குடியிருப்பில் கூலிக்குப் போகிறவரிடமும், புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணிடமும், காலம் காலமாக “உன்னால் முடியாது” என்று கேட்டே வளர்ந்தவர்களிடமும், இன்னொரு முறை “உனக்குச் சக்தி இல்லை” என்று சொல்வது நியாயமா? அமெரிக்காவில் 1970-களில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற பெண்மணி இதே காரணத்துக்காகப் பெண்களுக்கென்று தனி மீட்பு அமைப்பு தொடங்கினார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

என் பதில் இது. முதல் படியை யாரும் யார்மீதும் சுமத்தக்கூடாது. நோயாளி தானாகச் சொல்ல வேண்டிய சொல் அது. அடித்து, அறையில் பூட்டிச் சொல்லவைக்கும் மையங்கள் மருத்துவம் செய்யவில்லை, குற்றம் செய்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் மது, போதை நோயாளிகளின் உரிமைகளையும் காக்கிறது. இன்னொன்று, அந்த ஒப்புதல் பாட்டிலுக்கு முன்னால் மட்டும்தான். உழைக்கும் சக்தியும் கூலி கேட்கும் சக்தியும் குடி போன பிறகுதான் திரும்பக் கைக்கு வருகின்றன. மூன்றாவதாக, “நோய்தானே, நான் என்ன செய்ய?” என்று கையை உதறவும் இதில் இடமில்லை. பின்னால் வரும் படிகள், தான் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி ஈடுசெய்யச் சொல்கின்றன. அடிவாங்கும் பெண் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அவளுடைய பாதுகாப்புதான் முதலில்.

குடும்பத்துக்கும் ஒரு முதல் படி உண்டு. “அவரை என்னால் நிறுத்த முடியாது” என்பது அது. பாட்டிலைத் தேடிக் கொட்டுவது, முதலாளியிடம் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று ஓய்ந்துபோன மனைவிமாருக்காக 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று உருவாக்கியது அல்-அனான். நம் சென்னையில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். வெளியே சொல்லவே குடும்பங்கள் அஞ்சிய காலத்தில், “இது நோய், சிகிச்சை உண்டு” என்று பெயரோடும் முகத்தோடும் பேசினார். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடி, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அவருடைய அமைப்பு கிராம முகாம்களை நடத்தியது. ஊரே இடமும் உணவும் தந்தது. ஏறக்குறைய 15 நாள் அங்கேயே தங்கிச் சிகிச்சை. குடும்பத்தாருக்கும் ஆலோசனை. குடிநோய் ஊரறிந்த நோயாக, வெட்கமின்றிப் பேசும் நோயாக அங்கே மாறியது.

மலைக்குத் தேவையானவை

எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மது அடிமைநோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேரும் மனமில்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. சொல்ல இடம் கிடைக்காதவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அப்படி இடம் தருவது நமக்குப் புதிதல்ல. நம் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலின் தல வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். தடம் மாறிய இளமையை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்ததாகச் சொல்லப்படும் அருணகிரிநாதர், பின்னொரு நாள் அந்தக் கோயிலில் இரவு தங்கினார். அவரைக் கொல்ல வந்த அரக்கியிடமிருந்து முருகன் குழந்தை வடிவில் வந்து காத்தான் என்பது மரபு. தன் பலத்தால் எழ முடியாத மனிதரை இந்த மண் இழிவாகப் பார்த்ததில்லை. அவரைப் பாடவைத்து வணங்கியிருக்கிறது. “என்னால் முடியவில்லை” என்பதற்கு நம் பக்தியில் இருக்கும் மரியாதை நம் தெருவிலும் வீட்டிலும் வர வேண்டும்.

அதற்கு நான்கு வேண்டுகோள்கள். முதலாவது, இனி யாரிடமும் சத்தியம் வாங்காதீர்கள். “முடியலை” என்று ஒருவர் சொன்னால் “வாங்க, டாக்டர்கிட்ட போவோம்” என்று சொல்லிக் கூடவே போங்கள். இரண்டாவது, பள்ளியோ தேவாலயமோ பள்ளிவாசலோ கோயில் மண்டபமோ, ஊருக்கு ஓர் அறையை வாரத்தில் ஒரு மாலை இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மூன்றாவது, 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எல்லா பஸ் நிறுத்தத்திலும் எழுதிவையுங்கள். நான்காவது, சீசன் இல்லாத மாதங்களில் மேல்மலையில் ஒன்றும் கீழ்மலையில் ஒன்றுமாக, மஞ்சக்குடி போன்ற முகாமை நடத்த இந்த அறக்கட்டளை முன்வர வேண்டும்.

விழுந்தவர் மறுபடி விழக்கூடும். மருத்துவர் பாப் ஸ்மித்தும் விழுந்தார். ஒவ்வொரு முறையும் அதே கதவு திறந்திருந்தால் ஒரு முறை அவர் உள்ளேயே தங்கிவிடுவார். குடியை நிறுத்தும் சக்தி குடிநோயாளியிடம் தனியாக இல்லை. அவருடைய மனைவியிடமும் இல்லை, உங்களிடமும் என்னிடமும் இல்லை. ஆனால் அவர் அஞ்சாமல் வாய்திறக்கும் ஓர் ஊரை உண்டாக்கும் சக்தி நம்மிடம் இருக்கிறது. அந்த வேலையை இந்த வருடமே தொடங்குவோம்.